பூவைத் தட்டினால் பூண்டு வருகிறது: பழனிமலை விளைச்சல் பட்டியலுக்கு ஒரு வடிகட்டி

கவுஞ்சியில் ஒரு விவசாயி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. அவர் தன் போனில் குழுவின் விளைச்சல் பட்டியலைத் திறந்து 'பூண்டு' என்ற பொத்தானைத் தட்டினார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. "பாத்தீங்களா தம்பி, இது சுத்தி முடிக்கிறதுக்குள்ள வியாபாரி வேற ஆளுக்குப் போன் போட்டுருவாரு" என்றார். அந்த வட்டத்தை நிறுத்தத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

குழு சின்னது. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி. இந்த ஊர்களில் உள்ள விவசாயிகள் சிலர் சேர்ந்து, யாரிடம் என்ன இருக்கிறது, எப்போது எடுக்கலாம் என்பதை ஒரே பக்கத்தில் போடுகிறார்கள். மதுரை, திண்டுக்கல் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் அதைப் பார்த்து நேரே கூப்பிடுவார்கள். நான் வேலை பார்த்தபோது 94 அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பயிர், ஊர், கிடைக்கும் மாதம், போன் எண். மேலே வரிசையாகப் பொத்தான்கள்.

இருந்த பக்கம்

முன்பு செய்து கொடுத்தவர்கள் தவறாக எதுவும் செய்துவிடவில்லை. வேகமான இணைப்பு உள்ள ஊரில் உட்கார்ந்து, வேகமான இணைப்பு உள்ளவர்களுக்குச் செய்வது போல் செய்திருந்தார்கள். பொத்தானைத் தட்டினால் அதில் எழுதியிருக்கும் பெயரை, அதாவது குறிச்சொல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு கோரிக்கை சர்வருக்குப் போகும். அங்கே தேடி, பொருந்தும் அட்டைகளை எடுத்து, திரும்ப அனுப்பும். மதுரையில் இது கண் இமைக்கும் நேரம். கவுஞ்சியில் மழை நாளில் போகிற கோரிக்கை போகும், வருகிற பதில் வராது.

நான் முதலில் பார்த்தது பட்டியலின் எடையை. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு (பூ என்றால் ப ஒன்று, அதன் குறி ஒன்று) மூன்று பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். அப்படியிருந்தும் 94 அட்டைகளின் மொத்த எழுத்தும், ஜிஸிப் முறையில் சுருக்கி அனுப்பினால், இருபது கேபி-க்குள் அடங்கிவிட்டது. ஒரே மாதிரியான வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் அதே பக்கம் ஜேகுவெரி என்ற ஆயத்த நிரல் நூலகத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அது மட்டுமே சுருக்கிய பிறகும் சுமார் 30 கேபி. அதற்கு மேல் அசைவுக்கு ஒன்று, சட்டகத்துக்கு ஒன்று. சரக்கைவிட சாக்கு கனமாக இருந்தது.

இதற்கு வழி ஒன்றுதான் என்று பட்டது. எல்லா அட்டைகளையும் முதலிலேயே எச்டிஎம்எல்-இல், பக்கத்தின் மூல எழுத்திலேயே, எழுதி அனுப்பிவிட வேண்டும். பக்கம் ஒரு தடவை இறங்கினால் போதும், அதற்குப் பிறகு வடிகட்டுவது போனுக்குள்ளேயே நடக்க வேண்டும். உலாவிக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட், சர்வரிலிருந்து எதையும் கொண்டு வரக் கூடாது. இருப்பதில் வேண்டாததை மறைத்தால் போதும்.

ஸ்கிரிப்ட்டே இல்லாமல் செய்ய முடியுமா என்றும் பார்த்தேன். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்-இல் 'ஹேஸ்' என்றொரு தேர்வி (எதற்கு விதி பொருந்தும் என்று சொல்வது) வந்திருக்கிறது. 2022-இல் சஃபாரியிலும் குரோமிலும், 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது. செக்பாக்ஸ்களை வைத்து அதிலேயே வடிகட்டலாம். ஆனால் மலையில் புழங்கும் போன்களில் பாதி அதற்கு முந்தியவை. தவிர ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு விதி எழுத வேண்டும்; புதுப் பயிர் வந்தால் சிஎஸ்எஸ்-ஐயும் திருத்த வேண்டும். விட்டுவிட்டேன்.

அறுபது வரி

ஒவ்வொரு அட்டைக்கும் 'டேட்டா-' என்று தொடங்கும் மூன்று பண்புகள்: பயிர், ஊர், மாதம். நிரல் எழுதும் முன்னால் வேலையைத் தமிழில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இதற்கு எழுதியது:

ஒவ்வொரு அட்டையாக எடு.
மூன்று வகையில் எதிலெதில் தேர்வு இருக்கிறதோ, அவற்றை மட்டும் பார்.
அப்படிப் பார்க்கும் ஒவ்வொரு வகையிலும், தேர்ந்தெடுத்தவற்றில் ஒன்றாவது அட்டையில் இருந்தால் காட்டு.
இல்லையென்றால் மறை.

இரண்டாவது வரி முதலில் இல்லை. அதனால் பக்கம் திறந்ததுமே எல்லா அட்டையும் காணாமல் போயிற்று. காரணம் எளிது. 'ஒன்றாவது பொருந்துகிறதா' என்று கேட்கும் 'சம்' என்ற செயல், காலிப் பட்டியலைக் கொடுத்தால் 'இல்லை' என்றுதான் சொல்லும். யாரும் எந்த ஊரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், எந்த அட்டையும் ஊரில் பொருந்தாது. தேர்வு இல்லாத வகையைத் தாண்டிப் போ என்று சொன்ன பிறகுதான் சரியாயிற்று.

ஒரே வகைக்குள் 'அல்லது', வகைகளுக்கு இடையே 'மற்றும்' என்ற இந்த ஏற்பாடும் தானாக வந்ததல்ல. முதல் வடிவத்தில் எல்லாமே 'மற்றும்'. மதுரையில் ஹோட்டல் நடத்தும் ஒரு அக்காவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பூம்பாறையைத் தட்டினார், அப்புறம் மன்னவனூரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. "ரெண்டு ஊர்லயும் பூண்டே இல்லையா தம்பி?" என்று கேட்டார். ஒரு அட்டை ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்காது என்பது நிரலுக்குத் தெரிகிறது. அவர் கேட்டதோ 'இந்த இரண்டு ஊரில் எங்கே இருந்தாலும் சரி' என்பது. பூண்டையும் பூம்பாறையையும் தட்டினால் மட்டும் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சந்தையில் நின்று வாயால் கேட்கும்போது நாம் எல்லோருமே இப்படித்தான் கேட்கிறோம்.

மறைப்பதற்கு எச்டிஎம்எல்-இல் உள்ள 'ஹிட்டன்' பண்பையே பயன்படுத்தினேன். அதிலும் ஒரு மாலை போயிற்று. பண்பு சரியாக ஏறுகிறது, எண்ணிக்கை சரியாக மாறுகிறது, ஆனால் அட்டைகள் அசையாமல் நிற்கின்றன. அட்டைக்கு நான் சிஎஸ்எஸ்-இல் 'டிஸ்பிளே: கிரிட்' (கட்டமாகக் காட்டு) என்று கொடுத்திருந்தேன். 'ஹிட்டன்' என்பது உலாவி தரும் மிகப் பலவீனமான விதி. நாம் எழுதும் எந்த டிஸ்பிளே விதியும் அதை மிஞ்சிவிடும். 'ஹிட்டன் உள்ள எதற்கும் டிஸ்பிளே இல்லை' என்று நம் சிஎஸ்எஸ்-இலும் ஒரு வரி அழுத்தமாக எழுதிவிட்டால் தீர்ந்தது. இதை யார் முதல் தடவை செய்தாலும் இந்த இடத்தில் ஒரு மணி நேரமாவது நிற்பார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

மற்றபடி அறுபது வரி. அட்டைகளின் குறிச்சொற்களை ஆரம்பத்திலேயே ஒரு தடவை படித்து, சொற்களைத் தனித்தனியாக வைக்கும் 'செட்'டில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகக் காதுவைக்காமல், பொத்தான்கள் இருக்கும் பெட்டிக்கு ஒரே ஒரு கிளிக் கேட்பான். எது தட்டப்பட்டது என்பதை 'குளோசஸ்ட்' சொல்லிவிடும். பொத்தான்களையே ஸ்கிரிப்ட்தான் உண்டாக்குகிறது. ஸ்கிரிப்ட் இறங்காமல் போனால் பொத்தானும் வராது, 94 அட்டையும் அப்படியே வரிசையாக நிற்கும். தட்டியும் வேலை செய்யாத பொத்தானைவிட, உருட்டிப் படிக்கிற முழுப் பட்டியல் எவ்வளவோ மேல்.

பூவும் பூண்டும்

சரி, நிரல் முடிந்தது என்று நினைத்துக் குழுவிடம் காட்டினேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் 'பூ' என்பதைத் தட்டினார். கொய்மலர் வளர்க்கும் மூன்று பேரின் அட்டைகள் வந்தன. கூடவே பூண்டு போட்டிருக்கும் அத்தனை பேரின் அட்டைகளும் வந்தன. "பூ கேட்டா பூண்டு வருதே" என்றார்.

ஓர் அட்டையின் பயிர்க் குறிச்சொற்கள் எல்லாம் ஒரே சரமாக (தொடர் எழுத்தாக), கமா போட்டு எழுதப்பட்டிருந்தன. அந்தச் சரத்துக்குள் 'பூ' இருக்கிறதா என்றுதான் நான் கேட்டிருந்தேன். 'பூண்டு' என்ற சொல்லிலும் 'பூ' இருக்கிறது. 'பூச்சிமருந்து இல்லை' என்று ஒரு குறிச்சொல் வைத்திருந்தோம், அதிலும் இருக்கிறது. ஊரையும் அதே சரத்தில் சேர்த்திருந்தால் பூம்பாறையும் பூண்டியும் மொத்தமாக வந்து இறங்கியிருக்கும். 'மலை' என்றால் மலைப்பூண்டு, மலைவாழை, பெருமாள்மலை. ஒட்டுச் சொற்களால் ஆன நம் மொழியில் சரத்துக்குள் சரம் தேடுவது இப்படித்தான் போகும். கமாவில் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுச் சொல்லாக வைத்துக்கொண்டு, முழுச் சொல்லோடுதான் ஒப்பிட வேண்டும். 'செட்'டுக்கு மாறியது அதற்குப் பிறகுதான்.

இடைவெளியில் பிரிக்கலாமே என்று தோன்றும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மாதிரிகள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன, சிஎஸ்எஸ் வகுப்புப் பெயர்கள் மாதிரி. நமக்குப் 'பட்டர் ஃப்ரூட்' இரண்டு சொல். பிரித்தால் 'பட்டர்' என்று ஒரு பயிரும் 'ஃப்ரூட்' என்று இன்னொன்றும் பொத்தானாகிவிடும்.

சௌசௌ

இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த காய் சௌசௌதான். கீழ்மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம் பந்தல் பந்தலாகக் கிடக்கும் காய். பட்டியலில் ஏகப்பட்ட பேரிடம் இருந்தது. ஆனால் பொத்தானைத் தட்டினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். பொத்தான் வரிசையைப் பார்த்தால் சௌசௌ என்று மூன்று பொத்தான்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றும் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கின்றன.

பட்டியலைக் குழுவில் உள்ள ஒரு தங்கச்சிதான் விரிதாளில் பார்த்துக்கொள்கிறார். விவசாயிகள் வாட்ஸப்பில் அனுப்புவதை எடுத்து ஒட்டுவார். சிலர் போன் விசைப்பலகையில் அடிப்பார்கள், சிலர் பேசியே எழுத்தாக்குவார்கள். பழைய வரிகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, பின்னால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியவை. அந்த மூன்று பொத்தான்களையும் குறியீடு குறியீடாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதலாவதில் ச, அதன்மேல் ஔகாரக் குறி, மறுபடி அதே. மொத்தம் நான்கு குறியீடுகள். இதுதான் முறையானது. இரண்டாவதில் அந்த ஔகாரக் குறியே இரண்டு துண்டாகக் கிடந்தது: முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் ஔகாரத்தின் வால் மட்டும் தனிக் குறியீடாக. ஒருங்குறியில் இவை இரண்டும் ஒன்றே என்றுதான் விதி. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டின் சமக்குறி குறியீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்குமே தவிர, ஒருங்குறி விதியைப் பார்க்காது. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இதே கதை. 'கொடைக்கானல்' என்ற சொல்லின் முதல் எழுத்தை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இதற்கு மருந்து ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கிறது. சரத்தின்மேல் 'நார்மலைஸ்' என்ற செயலைக் கூப்பிட்டால், துண்டாகக் கிடப்பதைச் சேர்த்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தமிழில் குறிச்சொற்களை ஒப்பிடும் யாரும் இதைச் செய்யாமல் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவதுக்கு அந்த மருந்து கேட்கவில்லை. அதில் இருந்தது ச, கொம்பு, அப்புறம் ள என்ற எழுத்தே. அதாவது 'செளசெள'. விசைப்பலகையில் ஔகாரக் குறி எங்கே என்று தெரியாதவர்கள் கொம்பைப் போட்டுப் பக்கத்தில் ள அடித்துவிடுகிறார்கள். பார்வைக்குச் சரியாக இருக்கிறது. கௌரவமும் பௌர்ணமியும் நாடெங்கும் இப்படி அடிக்கப்படுகின்றன. ஒருங்குறியைப் பொறுத்தவரை இது தவறான வடிவம்கூட இல்லை, வேறொரு சொல். அதனால் 'நார்மலைஸ்' அதைத் தொடாது.

கொம்பும் ள-வும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்று என்று நானே ஒரு வரி எழுதினேன். சௌசௌ சரியாயிற்று. உடனே 'வெள்ளைப்பூண்டு' உடைந்தது, ஏனென்றால் அதிலும் வ-வுக்குக் கொம்பு, அடுத்து ள. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் விட்டுவிடு என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தால் வெள்ளைப்பூண்டு தப்பித்துவிடும். அப்படிச் சேர்த்தேன். ஆனால் அந்த இடத்தில்தான், நான் தப்பான வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. எழுத்தை எத்தனை திருத்தினாலும், அதே காயைச் 'சவ்சவ்' என்று எழுதுகிறவர் இருக்கிறார். 'மேரக்காய்' என்பவர் இருக்கிறார். 'பெங்களூர் கத்தரிக்காய்' என்று அனுப்பியவரும் ஒருவர் இருந்தார். கவுஞ்சியைக் 'கௌஞ்சி' என்றும் எழுதுகிறார்கள். கேரட், காரட், கோஸ், முட்டைகோஸ், முட்டைக்கோசு, பட்டர் ஃப்ரூட், வெண்ணெய்ப்பழம். இவற்றில் எதுவும் பிழை இல்லை. அந்தந்த ஊரில், அந்தந்த வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகவே ஒரு அகராதித் தாள் போட்டோம். விரிதாளில் இரண்டாவது பக்கம். இடப்பக்கம் பொத்தானில் வரவேண்டிய பெயர், வலப்பக்கம் அதற்கு வரக்கூடிய மற்ற வடிவங்கள் எல்லாம், ள போட்ட சௌசௌ உட்பட. பக்கத்தை உருவாக்கும்போது ஒவ்வொரு குறிச்சொல்லும் இந்த அகராதி வழியாகப் போகும். அகராதியில் இல்லாத சொல் வந்தால் பக்கம் உருவாகாது. எந்த வரியில் என்ன சொல் என்று சிவப்பில் காட்டி நின்றுவிடும். வாட்ஸப்பிலிருந்து ஒட்டும்போது சில நேரம் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறியீடுகளும் (எழுத்துகள் ஒட்டாமல் பிரிப்பவை) ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஓரங்களை வெட்டும் 'டிரிம்' அவற்றை எடுக்காது. அவற்றையும் இந்த இடத்திலேயே கழித்துவிடுகிறோம். இந்த வேலை எல்லாம் தங்கச்சியின் மடிக்கணினியில் நடக்கிறது. விவசாயியின் போனுக்குப் போவது சுத்தம் செய்த குறிச்சொல் மட்டும்.

அகராதியின் இடப்பக்கத்தில் எந்தப் பெயரை வைப்பது என்பதற்காகவே ஒரு முழுக் கூட்டம் நடந்தது. நிரலுக்கு மூன்று நாள்தான் ஆயிற்று. பெயர்களுக்கு மூன்று வாரம். 'பூண்டு'க்குள்ளேயே மலைப்பூண்டை அடக்கிவிடலாம் என்று நான் நினைத்தேன். மேல்மலைக்காரர்கள் ஒப்பவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைத் தேடி வருகிறவருக்குச் சாதாரணப் பூண்டையும் கலந்து காட்டினால், நம்பிக்கையும் போகும் விலையும் போகும் என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி. இரண்டும் தனித்தனிப் பொத்தான்களாயின. அதேபோல 2008-இல் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழையும் 'வாழை'யிலிருந்து பிரிந்தது. சௌசௌவுக்கு வாங்குகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே இருக்கட்டும் என்று சௌசௌவையே வைத்தோம். 'மேரக்காய்' என்பதை அட்டைக்குள் சின்ன எழுத்தில் போட்டோம்.

மாதம்

பயிருக்கும் ஊருக்கும் அடுத்து மாதம். விவசாயிகள் தையில் வரும், ஆடியில் வரும் என்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஜனவரி, ஜூலை என்கிறார்கள். தை என்பது ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடிகிறது, அதனால் ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாது. பன்னிரண்டு பொத்தான் வைத்துப் பார்த்தேன், ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இப்ப இருக்கா?" ஆகவே பன்னிரண்டையும் எடுத்துவிட்டு 'இப்போது', 'அடுத்த மாதம்' என்று இரண்டே பொத்தான். எந்த மாதம் என்பதைப் போனின் தேதியிலிருந்து ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜனவரிக்கு எண் 0, டிசம்பருக்கு 11. அதை மறந்தால் மே மாதம் பிளம்ஸ் தேடுகிறவருக்கு ஏப்ரல் பட்டியல்தான் கிடைக்கும். டிசம்பரிலிருந்து 'அடுத்த மாதம்' போகும்போது 12 ஆகாமல் 0-வுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சுட்டி

வடிகட்டிய பட்டியலை அப்படியே இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்பது குழுவின் கோரிக்கை. தேர்வுகளை முகவரியின் கடைசியில் எழுதிவைத்தால் போதும், 'யூஆர்எல்சர்ச்பேரம்ஸ்' அதைப் பார்த்துக்கொள்ளும். தட்டும்போதெல்லாம் 'ரீபிளேஸ்ஸ்டேட்' மூலம் முகவரியை மாற்றுகிறேன். 'புஷ்ஸ்டேட்' ஒவ்வொரு தட்டலையும் உலாவியின் வரலாற்றில் சேர்க்கும்; அதைப் போட்டிருந்தால் பத்துத் தடவை தட்டியவர் வெளியே போகப் பத்துத் தடவை பின்பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

இங்கேயும் தமிழ் ஒரு கணக்கு காட்டியது. முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாகும். 'பூம்பாறை' என்பதில் எட்டுக் குறியீடுகள். முகவரியில் அது 72 எழுத்து. இரண்டு ஊரும் ஒரு பயிரும் தேர்ந்தெடுத்துச் சுட்டியை வாட்ஸப்பில் ஒட்டினால் திரையில் பாதியை விழுக்காட்டுக் குறிகளே அடைத்துக்கொள்கின்றன. இதைப் பார்த்த ஒரு கடைக்காரர், ஏதோ மோசடிச் சுட்டி என்று பயந்து திறக்கவே இல்லை. அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட சுட்டிகளைத் திறக்காதீர்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். அகராதித் தாளில் மூன்றாவது நெடுவரிசை ஒன்று சேர்த்து, ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்தில் ஒரு குறி கொடுத்தோம். முகவரியில் அது மட்டும் போகும். பொத்தானிலும் அட்டையிலும் தமிழ்தான்.

கண் தெரியாதவர்களும் பார்வை மங்கியவர்களும் திரைப்படிப்பான் வைத்துக் கேட்பார்கள் என்பதால், பொத்தான்களை உண்மையான 'பட்டன்' கூறுகளாகவே வைத்தேன். அழுத்தியிருக்கிறதா என்பதை 'ஏரியா-பிரஸ்ட்' என்ற பண்பு திரைப்படிப்பானுக்குச் சொல்லும். '94-இல் 11 காட்டப்படுகின்றன' என்ற வரி மாறும்போது அது தானாகப் படிக்கப்படும்படி 'ஏரியா-லைவ்' கொடுத்தேன். அந்த எண்ணிக்கை வரி கண் தெரிந்தவர்களுக்கும்தான் உதவியது. அட்டைகள் குறைந்ததைப் பார்க்காதவர்கள்கூட எண் மாறியதைப் பார்த்தார்கள். ஒன்றுமே பொருந்தாதபோது வெறும் திரையைக் காட்டாமல், 'இந்தத் தேர்வில் இப்போது எதுவும் இல்லை, எல்லாம் காட்டு' என்று ஒரே ஒரு பொத்தானோடு ஒரு வரி வரும்.

பொத்தான்களை அகரவரிசையில் வைக்கவில்லை. அதிகம் கேட்கப்படும் பயிர் முன்னால். அகரவரிசைதான் வேண்டுமென்றால் வெறும் 'சார்ட்' போதாது, ஒருங்குறி வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடும். 'லோக்கேல்கம்பேர்' செயலுக்குத் தமிழ் என்று சொல்லித்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

செய்யாமல் விட்டவை

இந்த வடிகட்டி வேலை செய்வதைப் பார்த்ததும் குழு இன்னொன்று கேட்டது. உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய கொள்முதல் விலையையும் அட்டையில் எழுதி, 'உறுப்பினர்' என்ற குறிச்சொல்லைப் போட்டு, மற்றவர்களுக்கு மறைத்துவிடலாமே என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். ஹிட்டன் என்பது கண்ணுக்கு மறைப்பு மட்டும். எழுத்து பக்கத்துக்குள்ளேயே கிடக்கிறது. மூலத்தைத் திறந்தால் யாருக்கும் தெரியும். மறைக்க வேண்டியதை அனுப்பவே கூடாது. கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். பக்கத்தின் மூலத்தைத் திறந்து, மறைந்திருந்த ஓர் அட்டையின் போன் எண்ணை அங்கேயே படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. விலை இப்போதும் போனில்தான்.

அட்டைகள் பல ஆயிரமாகப் பெருகினால் இந்த முறை தாங்காது. எல்லாவற்றையும் முதலிலேயே இறக்குவது பாரமாகிவிடும், அப்போது சர்வரிடம்தான் கேட்க வேண்டும். சில நூறு வரைக்கும் இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை. மலையில் ஒரு விவசாயக் குழுவின் பட்டியல், ஒரு நூலகத்தின் புத்தக வரிசை, ஒரு ஊரின் பஸ் நேரங்கள் எல்லாமே அந்தச் சில நூறுக்குள்தான் இருக்கின்றன.

மழை முடிந்து மறுபடி கவுஞ்சிக்குப் போனேன். அதே வாசல். அவர் போனை எடுத்து, பக்கத்தைத் திறந்து, போனை விமான நிலைக்கு மாற்றினார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மலைப்பூண்டைத் தட்டினார், வந்தது. கவுஞ்சியைத் தட்டினார், அவருடைய அட்டையும் அவர் மச்சான் அட்டையும் மட்டும் நின்றன. இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, போனைத் தன் சம்சாரத்திடம் கொடுத்து "நீயும் தட்டிப் பாரு" என்றார்.

போன வாரம் தங்கச்சி ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கிளாவரையிலிருந்து ஒருவர் 'பேசன் புரூட்' என்று எழுதி அனுப்ப, பக்கம் உருவாகாமல் சிவப்பில் நின்றிருக்கிறது. அவரே அகராதித் தாளைத் திறந்து, 'பேஷன் ஃப்ரூட்' என்று புது வரி போட்டு, வலப்பக்கம் மூன்று எழுத்து வடிவங்களையும் சேர்த்து, ஆங்கிலக் குறியும் கொடுத்து ஏற்றிவிட்டார். "அண்ணே, புதுப் பொத்தான் வந்துருச்சு, சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." பார்த்தேன். சரியாக இருந்தது.